சோதித்துப் பார்த்தவர்

ஏப்ரல் மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் ராபுருவின் பெரியப்பா போய்ச் சேர்ந்தார். பெரிய மனிதர் சாவு என்பதால் அடக்கம் முடிய நான்கு நாள் ஆயிற்று. மருமகள்கள் ஒருத்தியும் சமையல் கொட்டகையை விட்டு நகர முடியவில்லை. இரண்டு மாடு, கணக்கில்லாத கோழி, நானூறு பேர் பந்தி. ராபுருவின் மனைவி அகேயோவுக்கு உகாலி என்கிற சோளக்களி கிண்டுகிற வேலை வாய்த்தது. இடுப்புயரப் பானையில் சோளமாவு இறுகிவரும்போது துடுப்பு கையை முறித்துவிடும். ஈர விறகு எரியாமல் புகைந்து கண்ணைப் பிடுங்கியது. அந்தப் புகையில் நின்றுகொண்டுதான் அவள் ஒரு கையால் துடுப்பையும் மறு கையால் ஃபோனையும் பிடித்திருந்தாள்.

"அண்ணி, கிசுமுல யாராச்சும் காத்துக்கிட்டிருக்காங்களா? ஃபோனக் கீழ வைக்க மாட்டேங்கிறீங்க" என்றாள் ஆவிதி. ராபுருவின் கடைசித் தங்கை. ஏரி வளைகுடாவுக்கு அக்கரையில் ராதெங்கில் வாழ்க்கைப்பட்டவள். நான்கு மாதக் கர்ப்பிணி என்று கனமான வேலை எதுவும் கொடுக்காமல், சாக்கில் உட்காரவைத்து ஓமெனா என்கிற பொடிமீனில் மண் பொறுக்கச் சொல்லியிருந்தார்கள்.

"காத்துக்கிட்டுத்தான் இருக்கான். செக் நாட்டுக்காரன், மாரெக்னு பேரு."

"ஐயையோ, மெதுவாச் சொல்லுங்க. அண்ணன் அந்தப் பக்கம்தான் மாட்ட அறுக்கிறாரு, கையில கத்தி வேற இருக்கு."

"உங்க அண்ணனுக்குத் தெரியும். என் டிரைவரப் பத்திக் கேட்டு எழுதியிருக்கான்."

பக்கத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த மூத்த ஓரகத்தி தலையைத் தூக்கினாள். "டிரைவர் வெச்சிருக்கியா? வண்டி வாங்கினத எங்ககிட்ட சொல்லவேயில்லயே!"

கொட்டகையே சிரித்தது. அகேயோவும் சிரித்தாள். பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிப் புரியவைக்க முடியாத காரியத்தை உகாலிப் பானைக்குப் பக்கத்தில் நின்றா சொல்ல முடியும்?

ஏரிக்கரையைச் சுற்றியிருந்த, சின்ன ஆஸ்பத்திரிகளான மருந்தகங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்து பழைய கம்ப்யூட்டர்கள் நன்கொடையாக வந்து இறங்கின. அவற்றைப் பொருத்திக் கொடுத்த தொண்டு நிறுவனத்தில் அகேயோ வேலை பார்த்தாள். எல்லாவற்றிலும் ஓடியது காசு கொடுக்க வேண்டாத லினக்ஸ். அதன் அடியில் கெர்னல் என்று ஒரு மைய நிரல் இருக்கிறது. அது ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒரு தடவை புதுப் பதிப்பாக வரும். அதற்குள் திரையோடு பேசுவதற்கென்று இருக்கும் சின்னத் துண்டு நிரல்தான் டிரைவர். கெர்னல் மாறும்போதெல்லாம் அதையும் யாராவது கூடவே மாற்றிக்கொண்டு போக வேண்டும். இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் ஓடும், திரை எரியாது. அந்தப் பழைய கம்ப்யூட்டர்களில் திரையை இயக்குகிற சில்லைச் செய்த கம்பெனி அதை எப்போதோ கைகழுவிவிட்டது. டிரைவரைக் கவனித்துக்கொண்டிருந்த ஒருவரும், என்னிடம் இப்போது அந்த இயந்திரமே இல்லை, நீ பார்த்துக்கொள்கிறாயா என்று கேட்டு எழுதினார். அகேயோ சரி என்றாள். உலகம் முழுக்கப் படிக்கிற கெர்னலின் பொறுப்பாளர் பட்டியலில் அவள் பெயர் ஏறியது. தொண்டு நிறுவனம் பிறகு மூடிப்போனது. அவள் குடிநீர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிற வேலைக்குப் போனாள். டிரைவர் மட்டும் கூடவே வந்தது. விடிகாலையில் தேநீர் கொதிக்கிற நேரத்தில் அதற்கு உழைத்தாள். கூலி கிடையாது. ஆனால் கரையோரம் எந்த மருந்தகத்திலாவது திரை எரிவதைப் பார்த்தால், தான் நட்ட மரம் காய்த்த மாதிரி அவளுக்கு ஒரு நிறைவு.

கெர்னலில் திரைப் பகுதியைக் கவனிக்கிற மாரெக்கின் கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது. ஐம்பத்தேழு டிரைவர்களையும் ஒரே பொது ஒழுங்குக்குக் கொண்டுவருகிறோம், உங்களுடையதையும் மாற்றியிருக்கிறேன், என்னிடம் அந்த இயந்திரம் இல்லை, நிஜ இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்து வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல முடியுமா? சோதிக்க ஆளில்லாத டிரைவர்களை அடுத்த பதிப்பிலிருந்து எடுத்துவிடலாம் என்று இருக்கிறோம்.

அன்றைக்கு வியாழன். அவளிடமிருந்த ஒரே சோதனைக் கம்ப்யூட்டர் மார்ச் மாத இடியில் கருகி, கிசுமுவில் கிபூயே சந்தையில் ஒரு ரிப்பேர்க்காரனிடம் கிடந்தது. அகேயோ அந்த மாற்றத்தை ஃபோனிலேயே இரண்டு முறை படித்தாள். நாற்பது வரி. தப்பாக எதுவும் தெரியவில்லை. 'படித்துப் பார்த்தவர்' என்று தன் பெயரைப் போடலாம், அது உண்மை. ஆனால் அவர்கள் கேட்டது அதுவல்ல.

"அண்ணி, அடிப்பிடிக்குது!" என்று ஆவிதி கத்தினாள்.

அகேயோ துடுப்பை வேகமாக நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, கட்டைவிரலால் ஒரு வரி அடித்தாள். சோதித்துப் பார்த்தவர்: அகேயோ. அனுப்பிவிட்டு ஃபோனை இடுப்பில் செருகிக்கொண்டாள். சந்தையிலிருந்து கம்ப்யூட்டர் திரும்பி வந்ததும் ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அது திரும்பி வரவில்லை. அவளும் போய்க் கேட்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை. கிசுமுவை ஒட்டிய துங்கா கரையில் படகு இன்ஜின் பிரித்துக்கொண்டிருந்த ராபுருவுக்கு அக்கரையிலிருந்து ஃபோன் வந்தது. ஆவிதிக்கு ரத்தம் போகிறது, ராதெங் மருந்தகத்தில் பெரியாஸ்பத்திரிக்கு எடுத்துப்போகச் சொல்கிறார்கள், ரோடு மழையில் அறுந்து கிடக்கிறது, படகு வேண்டும். ராபுரு தானே கிளம்பினான். போகும்போது ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் காற்று திரும்பிவிட்டது. வரும்போது ஆகாயத்தாமரை வளைகுடா வாயை அடைத்துக்கொண்டு, பச்சை வயல்வெளிபோலக் கிடந்தது. ப்ரொபெல்லரில் வேர் சுற்றிச் சுற்றி இன்ஜின் நின்றது. ராபுரு தண்ணீரில் குதித்துக் கத்தியால் அறுத்தான். மறுபடி சுற்றியது, மறுபடி அறுத்தான். ஆவிதி படகுக்குள் தன் புருஷன் மடியில் கிடந்தாள். முதலில் முனகிக்கொண்டிருந்தாள். பிறகு முனகல் நின்றுவிட்டது.

கரையில் அகேயோ வாடகைக் காரோடு நின்றிருந்தாள். ஆவிதியைக் காப்பாற்றிவிட்டார்கள். குழந்தை பெண். அழவேயில்லை.

அதற்குப் பிறகு ராபுரு சரியாகச் சாப்பிடவில்லை. தட்டில் உகாலியைப் பிட்டுக் கீரையில் தொட்டு, வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே வைத்துவிடுவான். அந்த இன்ஜினை வீட்டு வாசலுக்கே தூக்கிவந்து, தினமும் பிரித்தான், துடைத்தான், பூட்டினான்.

"ரெண்டு இலை ப்ரொபெல்லர் போட்டிருந்தா சிக்கியிருக்காது அபியோ அம்மா" என்பான். அபியோவும் அதொங்கோவும் அவர்களுடைய இரட்டைப் பெண்கள், விடுதிப் பள்ளியில் படித்தார்கள். "மூணு இலை நல்லா இழுக்கும்னு நாந்தான் மாத்தினேன். எவனும் சொல்லல. நானா மாத்தினேன்."

"தாமரை அடைச்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

"தாமரை இன்னிக்கா வந்துச்சு? முப்பது வருஷமா இருக்கு. எனக்குத் தெரிய வேணாம்?"

அகேயோ ஆறிப்போன தட்டை எடுத்து மூடி வைத்தாள்.

இரண்டு வாரம் கழித்து, மாவும் சர்க்கரையும் ஒரு பெரிய மீனும் வாங்கிக்கொண்டு அகேயோ ராதெங்குக்குப் போனாள். ராபுரு வரவில்லை. ஆவிதி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அகேயோ கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டாள். ஆவிதி விலக்கவுமில்லை, பேசவுமில்லை. திரும்பி வருகிற வழியில் மருந்தகத்து ஒகிந்தா எதிரே வந்தான். படித்தது டாக்டருக்கு ஒரு படி கீழான படிப்புதான் என்றாலும் ஊருக்கு அவன்தான் டாக்டர். அகேயோ அங்கே கம்ப்யூட்டர் பொருத்தின நாளிலிருந்து அவனுக்கு அவளைத் தெரியும்.

"அக்கா, உங்களத்தான் நெனச்சேன். உங்க கம்ப்யூட்டர் ஆளக் கவுத்திருச்சுக்கா."

"என்ன ஆச்சு?"

"அந்த வாரம் திங்கக்கிழமை புதுப் பதிப்பு வந்திருக்குன்னு கேட்டுச்சு, சரின்னு தட்டினேன். எப்பவும் தட்டறதுதான். அணைஞ்சு எழுந்திரிச்சது. லைட்டு எரியுது, ஃபேன் ஓடுது, திரை மட்டும் கருப்பு. மாவட்ட ஆபீசுக்கு ஃபோன் பண்ணேன். வர்றோம்னாங்க, வரல. புதன்கிழமை ஆவிதியக் கூட்டிட்டு வர்றாங்க."

அகேயோ நின்றுவிட்டாள். அந்த மருந்தகத்து ஸ்கேன் கருவிக்குத் தனியாகத் திரை கிடையாது. வயிற்றில் வைக்கிற கைக்கருவியை அந்தக் கம்ப்யூட்டரில்தான் சொருக வேண்டும்.

"ரத்தம் கொஞ்சம்தான் போச்சு மொதல்ல. ஸ்கேன்ல ஒரு பார்வை பாத்துட்டு அனுப்பலாம், வீணா எதுக்குத் தண்ணியில அலையவிடணும்னு நெனச்சேன். கேபிள மாத்திச் சொருகுறேன், பள்ளிக்கூடத்துலருந்து வேற திரை எடுத்துட்டு வந்து மாட்டுறேன். எரியமாட்டேங்குது. ரெண்டு மணி நேரம் அக்கா. ரெண்டு மணி நேரம் அதோட மல்லுக்கட்டினேன். திரை எரிஞ்சிருந்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும், உள்ள நஞ்சுக்கொடி பிரியுதுன்னு. அப்பவே படகு கேட்டிருந்தா காத்து திரும்புறதுக்கு முன்னாடி கரை சேர்ந்திருப்பாங்க." ஒகிந்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "இத யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்டத்தான் சொல்றேன்."

"நான் அதப் பாக்கலாமா?" என்றாள் அகேயோ.

மருந்தகத்தில், கூடவே கொண்டுபோயிருந்த மடிக்கணினியிலிருந்து கேபிள் இழுத்து அந்தக் கம்ப்யூட்டரோடு இணைத்தாள். உயிரோடுதான் இருந்தது. எழுந்திருக்கும்போது தனக்குள் எழுதிக்கொள்கிற நாட்குறிப்பை வரிவரியாகக் கொடுத்தது. கடைசி வரி அவளுடைய டிரைவரின் பெயரில் நின்றிருந்தது. பழக்கமான ஆள் என்பதால் ஒரே பார்வையில் புரிந்தது. இந்தச் சில்லுக்கு மட்டும் ஒரு முரண்டு உண்டு. முதலில் அதன் கடிகாரத்தை ஓடவிட வேண்டும், பிறகுதான் படம் எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். மாரெக்கின் பொது ஒழுங்கு இரண்டையும் முன்பின்னாக மாற்றியிருந்தது. மற்ற ஐம்பத்தாறுக்கும் அதில் கெடுதல் இல்லை. இது அப்படியே உறைந்துவிட்டது. காகிதத்தில் படித்தால் தெரியாது. ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருந்தால் பத்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்றான் ஒகிந்தா.

"கண்டுபிடிச்சிட்டேன்."

"யார் பண்ண தப்பு?"

அகேயோ கேபிளைச் சுருட்டினாள். "சரிபண்ணிக் கொண்டாறேன் டாக்டர்" என்று மட்டும் சொன்னாள்.

ஊர் திரும்பி மூன்று நாள் அவள் வாயைத் திறக்கவில்லை. ராபுருவும் தன்னை நொந்துகொள்வதை நிறுத்தவில்லை. துங்காவில் ஒரு கிழவனிடம் பழைய இரண்டு இலை ப்ரொபெல்லர் வாங்கிவந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நான்காம் நாள் காலை மழை வெறித்திருந்தது. தேநீரைக் கொண்டுபோய் அவன் பக்கத்தில் வைத்துவிட்டுத் தானும் தரையில் உட்கார்ந்தாள்.

"அபியோ அப்பா, அந்த ப்ரொபெல்லர எடுத்து உள்ள வைங்க. உங்க தப்பு இல்ல. என் தப்பு."

"நீ காரோட கரையில நின்ன. உனக்கு என்ன தப்பு?"

அவள் சொன்னாள். திரை கறுத்ததை, ஒகிந்தாவின் இரண்டு மணி நேரத்தை, பெரியப்பா அடக்கத்தில் ஃபோனில் அடித்த வரியை. ராபுரு கிரீஸ் துணியைக் கையில் பிடித்தபடியே கேட்டான்.

"ஓட்டிப் பாக்காமயே பாத்தேன்னு எழுதிட்ட."

"ஆமா."

"கம்ப்யூட்டர் ரிப்பேர்ல கெடக்கு, பாக்க முடியலன்னு எழுதினா என்ன ஆயிருக்கும்?"

"டிரைவர எடுத்திருப்பாங்க. சோதிக்க ஆளில்லன்னு."

"எடுத்திருந்தா ராதெங்குல திரை அணைஞ்சிருக்குமா?"

அகேயோவுக்கு அந்தக் கேள்வி வரும் என்று தெரியும். மூன்று ராத்திரி அதையேதான் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள். "இல்ல" என்றாள். "எடுத்துட்டா, அந்த மாதிரிக் கம்ப்யூட்டருக்குப் புதுப் பதிப்பக் குடுக்காம பழசுலயே நிறுத்தி வெச்சிருவாங்க. கொஞ்ச வருஷம் பழசுலயே ஓடியிருக்கும். திரை எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கும்."

"அப்ப யாருக்காக எழுதின?"

அவள் தேநீர் டம்ளரை அவன் பக்கமாக நகர்த்தினாள்.

"மருந்தகத்துக்காகன்னு சொல்லாத. உம்பேரு அந்தப் பட்டியல்ல இருக்கணும். அதுக்காகத்தான?"

"அதுவும் இருக்கு" என்றாள் அகேயோ.

ராபுரு எழுந்தான். கோபத்தில் கையை ஓங்குவானோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. இருபது வருஷத்தில் அப்படி நடந்ததில்லை. அவன் தேநீரைச் செம்பரத்தை வேலியில் கொட்டிவிட்டு டம்ளரை மட்டும் அவள் முன்னால் வைத்தான்.

"பதினெட்டு நாளா நான் தண்ணிக்குள்ளயே கெடந்தேன். கண்ண மூடினா வேர அறுக்கிறேன். நீ மூணு நாளா தெரிஞ்சுக்கிட்டே பாத்துக்கிட்டு இருந்திருக்க." சட்டையை மாட்டினான். "ஆவிதிகிட்ட நீதான் சொல்லணும். என் வாயில வராது."

அன்றைக்கே அகேயோ கிபூயே சந்தைக்குப் போனாள். ரிப்பேர்க்காரன் அவளை மறந்தே போயிருந்தான். கம்ப்யூட்டர் ரேடியோக்களுக்கு அடியில் கிடந்தது. பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து, மின் பலகையை மாற்றி முடிக்கும் வரை நகரவில்லை. அலுவலகத்தில் விடுப்புச் சொன்னாள். இரண்டே வரிதான் இடம் மாற வேண்டியிருந்தது. மாற்றிவிட்டு, அந்தக் கம்ப்யூட்டரை அறுபது தடவை அணைத்து அணைத்து எழுப்பினாள். அறுபது தடவையும் திரை வெளுத்தது. நடுவில் இரண்டு தடவை மின்சாரம் போனது, காத்திருந்தாள்.

திருத்தத்தோடு அனுப்புகிற குறிப்பில் என்ன பழுது, ஏன் பழுது என்று எழுத வேண்டும். எழுதினாள். கீழே இன்னொரு பத்தி சேர்த்தாள். முந்தைய மாற்றத்தைச் சோதித்துப் பார்த்ததாக நான் எழுதியது பொய். என்னிடம் அப்போது ஓடுகிற இயந்திரம் இல்லை. இதனால் மருந்தகங்களில் திரைகள் அணைந்தன.

மாரெக்கிடமிருந்து பதில் ஒரு மணி நேரத்தில் வந்தது. வெள்ளிக்கிழமை என்று உங்களை நெருக்கியது நான். அதில் எனக்கும் பங்குண்டு. திருத்தத்தை எடுத்துக்கொண்டேன். பழைய வரியை அழிக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். இன்னொரு பொறுப்பாளரைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதமா? அகேயோ சம்மதம் என்று எழுதினாள். அந்த வரி அழியாது என்பது அவளுக்குத் தெரியும். உலகத்தில் எத்தனை கம்ப்யூட்டரில் அந்த வரலாறு நகல் எடுக்கப்பட்டிருக்கிறதோ, அத்தனையிலும் ஏப்ரல் மாதத் தேதியோடு அவள் பெயர் இருக்கும்.

ஆனால் கறுத்துக் கிடக்கிற கம்ப்யூட்டருக்குத் திருத்தம் தானாகப் போய்ச் சேராது. திரை இல்லாமல் யார் 'சரி' தட்டுவது? அகேயோ பட்டியல் போட்டாள். இருபத்து மூன்று இடம். ஒரு பென்டிரைவையும் தன் மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். தரைவழி இடங்களுக்கு நெரிசல் வேனில் போனாள், சேற்றில் பைக்கின் பின்னால் உட்கார்ந்து போனாள். தீவுகளுக்கு எப்படிப் போவது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்த காலையில், ராபுரு இன்ஜினைத் தோளில் தூக்கிக்கொண்டு, "வா" என்றான். எட்டு நாள் படகு ஓட்டினான். அவள் கட்டிக்கொண்டு போன சோற்றைத் தனியாக மறுமுனையில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

ஒன்பதாம் நாள்தான் வாயைத் திறந்தான். "ராதெங்கக் கடைசியா வெச்சிருக்க."

"ஆமா."

"இன்னிக்கி வேற எடம் பாக்கி இருக்கா?"

"இல்ல."

படகைத் திருப்பினான்.

மருந்தகத்துக்குப் போவதற்கு முன்னால் ஆவிதியைப் பார்த்துவிட வேண்டும் என்று அகேயோ முடிவு செய்திருந்தாள். திரையைச் சரிபண்ணிவிட்டு அந்த நன்மையைக் கையில் வைத்துக்கொண்டு போய்ப் பேசக் கூடாது. ஆவிதி எழுந்து வேலைக்கு வந்துவிட்டிருந்தாள். கரையில் நீள வலை விரித்து, ஈர ஓமெனாவைக் கையால் பரப்பிக்கொண்டிருந்தாள். உடம்பு பாதியாகியிருந்தது. ராபுரு படகிலேயே இருந்துகொண்டான்.

அகேயோ நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஆவிதி வேலையை நிறுத்தவில்லை. மேகம் போட்டிருந்தது. மழைக்கு முன்னால் ஒரு பக்கமாவது காய வேண்டும்.

"எரிஞ்சிருந்தா அவ பொழச்சிருப்பாளா?" என்றாள் ஆவிதி.

"அத யாராலயும் உறுதியா..."

"சீக்கிரம் போயிருந்தா பொழச்சிருப்பாளான்னு கேட்டா ஒகிந்தா இப்படித்தான் சொல்றான். அண்ணனும் ஃபோன்ல இதத்தான் சொன்னாரு. சர்ச்சு சாமியாரும் வந்து சொல்லிட்டுப் போயிட்டாரு. உன்னக் கேக்குறேன். நீ கம்ப்யூட்டர் படிச்சவ."

இதுவரை அவள் அண்ணியை 'நீ' என்று சொன்னதில்லை.

"பொழச்சிருப்பா" என்றாள் அகேயோ. "அனேகமா பொழச்சிருப்பா."

ஆவிதியின் கை நின்றது. மீன் செதில் ஒட்டிய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று அகேயோ நினைத்தாள், அழவில்லை.

"அவளுக்குப் பேர் வெச்சிருந்தேன்" என்றாள். "என் புருஷனுக்குக்கூடத் தெரியாது. யார்கிட்டயாவது ஒருநாள் சொல்லுவேன். உங்கிட்ட சொல்ல மாட்டேன்."

"சரி."

"அந்தத் திரைய இப்ப எரியவெச்சிட்டுப் போயிருவ. திரும்பப் புதுசு வந்தா திரும்ப அணையுமா?"

"அணையலாம். வருஷத்துக்கு அஞ்சு தடவ புதுசு வரும்."

"அப்ப யாரு வருவா?"

"நாந்தான் வரணும்."

"வா" என்றாள் ஆவிதி. "வந்து பாத்துட்டு, எரியுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் எழுது. என் வீட்டுக்கு வராத. ஆஸ்பத்திரிக்கு வா, போ."

அவ்வளவுதான். மறுபடி குனிந்து மீனைப் பரப்பத் தொடங்கினாள். அகேயோ சரிவில் ஏறி மருந்தகத்துக்குப் போனாள். திண்டில் ஏழெட்டுக் கர்ப்பிணிகள் அட்டையோடு காத்திருந்தார்கள். இருபது நிமிஷத்தில் வேலை முடிந்தது. ஒகிந்தா முதல் பெண்ணை உள்ளே கூப்பிட்டான். யார் செய்த தப்பு என்று அன்றைக்கு அவன் கேட்டதற்கும் அவள் பதில் சொன்னாள். அவன் அவளை ஏறிட்டுப் பார்க்காமல் தலையை மட்டும் ஆட்டினான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பதிப்பு வெளிவருவதற்கு முன்னாலும் அகேயோ ராதெங்குக்குப் போகிறாள். வீட்டில் ஓட்டிப் பார்ப்பதோடு விடுவதில்லை. ராபுரு சில தடவை படகில் கொண்டுபோய் விடுவான், சில தடவை வேலை இருக்கிறது என்பான். இப்போது ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள். ஆனால் அவன் முன்போல ஒன்றும் கேட்பதில்லை. மூன்றாவது தடவை போனபோது மருந்தக ஜன்னல் வழியாக ஆவிதி தெரிந்தாள். தலையில் மீன் கூடையோடு சரிவில் போய்க்கொண்டிருந்தவள் நின்று, ஜன்னலைப் பார்த்தாள். பார்வை அகேயோவின் முகத்துக்கு வரவில்லை, அவளுக்குப் பின்னாலிருந்த திரையில் நின்றது. அது அப்போது கறுப்பாக இருந்தது. அகேயோ அப்போதுதான் அணைத்து எழுப்பியிருந்தாள். திரை வெளுக்கப் பதினொரு வினாடி ஆகும். ஆவிதி கூடையை ஒரு கையால் பிடித்தபடி, அந்தப் பதினொரு வினாடியும் அங்கேயே நின்றாள்.